எரிச்சல் குறைந்தால் மட்டும் போதாது

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் நீடித்தவர்களுக்குப் பாதத்தில் எரிச்சல், ஊசி குத்தல், மதமதப்பு என்று நரம்புக் கோளாறு தலைகாட்டும்போது, பலரும் முதலில் தேடுவது மருந்துக்கடையில் கிடைக்கும் சத்து மாத்திரையைத்தான். இரண்டு மாதத்தில் எரிச்சல் தணிந்தால், மாத்திரை கேட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் இந்த வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாமல் போகும்போதுதான் மாத்திரையைத் தொடங்குகிறோம் என்பதால், எதுவும் செய்யாமல் இருந்தாலும் அதன்பின் கொஞ்சம் தணிய வாய்ப்புண்டு. இதைவிடக் கவலைக்குரியது ஒன்று இருக்கிறது. எரிந்துகொண்டிருந்த நரம்பு முற்றிலும் செயலிழந்தாலும் எரிச்சல் நின்றுவிடும். செருப்பு கழன்றதும் முள் தைத்ததும் தெரியாத காலில் வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. ஆறாத புண் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கோளாறுக்குப் பலரும் வாங்கும் சத்து மாத்திரைகளில் ஒன்றான ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2006இல் வெளியான 'சிட்னி 2' ஆய்வில் 181 பேர் ஐந்து வாரம் பங்கேற்றார்கள். மாத்திரை உண்டவர்களின் தொந்தரவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் 32 சதவீதம் குறைந்தது! கிடைத்த நிவாரணத்தில் பெரும்பங்கு மருந்தால் வந்ததல்ல. 460 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்த 'நேதன் 1' ஆய்வில் சில துணை அளவீடுகள் மேம்பட்டாலும், முதன்மை அளவுகோலில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு பலன் சொற்பம் அல்லது இல்லை என்றே, பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும் 2024இல் சொன்னது.

ஆய்வுகள் சராசரியைத்தான் சொல்லும், எனக்குக் கேட்கலாமே என்பது நியாயமான கேள்வி. அப்படியானால் உங்கள் காலிலேயே முறையாகச் சோதியுங்கள். தொடங்கும் முன் இரண்டு வாரம், இரவு எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் எழுதி வையுங்கள். பாதத்தில் நைலான் இழையை அழுத்திப் பார்க்கும் உணர்வுச் சோதனையை மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். பிறகு மாத்திரையை மூன்று மாதம் எடுங்கள். அந்த மூன்று மாதமும் வேறெந்த மருந்தையும் புதிதாகச் சேர்க்காமல் இருந்து, முடிவில் எரிச்சல் மதிப்பெண்ணையும் உணர்வுச் சோதனையையும் மறுபடி எடுத்து முன்பிருந்ததோடு ஒப்பிடுங்கள். வலியும் குறைந்து உணர்வும் குறையாமல் இருந்தால் தொடர்வதில் அர்த்தமுண்டு.

சத்து மாத்திரைதானே, கெடுதல் என்ன என்பார்கள். வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் நிர்ணயித்தது. இரண்டு கூட்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் அதைத் தாண்டிவிடலாம். பி12 கதை வேறு. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மருந்தை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் அது உண்மையிலேயே குறையக்கூடும். குறைந்திருந்தால் அதை ஈடுகட்டுவதுதான் சிகிச்சை. ஆனால் ரத்தப் பரிசோதனையை மாத்திரை தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். விழுங்கத் தொடங்கிவிட்டால் அளவு ஏறிவிடும். குறை இருந்ததா என்பதை அப்புறம் கண்டுபிடிப்பது கடினம். மூன்று மாதம் பார்த்தும் பலன் தெரியாத மாத்திரையை மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிட்டு, அந்தக் காசைச் சர்க்கரைப் பரிசோதனைக்கும் பாதத்துக்குப் பொருந்தும் செருப்புக்கும் செலவிடலாம்.