இடுப்பில் ஒரு துப்பாக்கி



நம் மன்றத்தின் மாலைக் கூட்டம் முடிந்த பிறகு நடக்கும் பேச்சு, பல வேளைகளில் கூட்டத்தில் நடந்த பேச்சைவிடச் சூடாக இருப்பது வழக்கம். சென்ற திங்களில் ஒருநாள் அவ்வாறுதான் நிகழ்ந்தது. உடும்பன்சோலைப் பகுதியிலிருந்து வந்து பயிலும் நண்பர் ஒருவர், "ஏலத்தோட்டத்துக்கு இரவில் போகிறவன் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் யானைக்கும் அஞ்ச வேண்டாம், திருடனுக்கும் அஞ்ச வேண்டாம், இதை ஏன் அரசு எளிதாக்கக் கூடாது?" என்று கேட்டார். நால்வர் கைதட்டினர். நான் கைதட்டவில்லை. ஏன் என்பதை அன்று சொல்ல நேரமில்லை, இங்கே சொல்லுகிறேன்.

நான் சித்தூர் வட்டத்துக்காரன். எங்கள் வீட்டில் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. ஆகவே துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். கடலையும் நெல்லும் விதைத்து, விளைந்ததைப் பன்றிக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் உழவனிடம் அகிம்சை பேசுவது எளிது. பேசுகிறவனுக்கு வயல் இல்லையென்றால் இன்னும் எளிது. ஆனால் நண்பர் கேட்டது பெரியப்பாவின் நெடுந்துப்பாக்கியை அன்று. இடுப்பில் செருகும் சிறு துப்பாக்கியை. இரண்டும் ஒன்றென்று எண்ணுவதில்தான் தவறு தொடங்குகிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு உரிமம் இல்லை. ஆகவே நம்மில் பாதிப்பேர் இந்தப் பேச்சிலிருந்து இப்போதே விலகிவிடலாம்! எஞ்சியோர் மாவட்ட ஆட்சியரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். பயிர்க்காவலுக்கென்று கேட்பவர்க்குச் சட்டம் வாயால் மருந்திடும் பழைய துப்பாக்கியையே முதலில் சுட்டுகிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வரியில்லாக் குழலுடைய வேறு துப்பாக்கியைத் தரலாம். பயிர்க்காவலுக்குக் கைத்துப்பாக்கி என்ற பேச்சே அங்கு இல்லை. தற்காப்புக்கு என்று கேட்டால், உயிருக்கு உள்ள ஆபத்தைக் காட்டி அதிகாரியை நம்பவைத்தல் வேண்டும்.

அப்படியே உரிமம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? திரைப்படத்தில் காணும் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. கிடைப்பது பெரும்பாலும் பாயிண்ட் முப்பத்திரண்டு. கான்பூர்த் தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு சனவரியில் 'நிர்பீக்' என்னும் சிறு ரிவால்வரை, பெண்களின் தற்காப்புக்கு என்று விளம்பரம் செய்து வெளியிட்டது. எடை அரைக்கிலோ. விலை அன்றே 1,22,360 ரூபாய்! எந்தப் பெண்ணின் கைப்பையை மனத்தில் வைத்து அந்த விலையைக் குறித்தார்களோ, நான் அறியேன்.

கருவியின் இயல்பையும் சொல்லிவிடுகிறேன். சுழலும் அறையுடைய ரிவால்வர் எளியது. தோட்டா வெடிக்காமற்போனால் விசையை மீண்டும் இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டாக்கள் அடுக்கில் இருக்கும். சிக்கிக்கொண்டால் அதை நீக்கத் தெரிந்திருக்க வேண்டும். அடுக்கைக் கழற்றிய பின்னும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பதை மறந்து உயிர் இழந்தவர் உலகெங்கும் உண்டு. எடை குறைந்த துப்பாக்கி சுமப்பதற்குச் சுகம். சுடும்போது கையை உதைக்கும். குழல் குட்டையாக இருப்பதால் சிறு நடுக்கமும் குறியைப் பெரிதும் தவறச் செய்யும். கைக்கு அடங்குகிறதா, விசையை மற்ற விரல்கள் அசையாமல் இழுக்க முடிகிறதா, இவ்விரண்டையும் பாராமல் அழகையும் பெயரையும் பார்த்து வாங்குகிறவன், செருப்பின் அளவைப் பாராமல் வாங்குகிறவனைப் போன்றவன்.

இனி யானைக்கு வருவோம். சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற ஒற்றை யானையைப் பிடிக்க 2023 ஏப்ரலில் கும்கிகளும் மருத்துவர்களும் மயக்க ஊசித் துப்பாக்கிகளும் பெரும்படையாய் வேண்டியிருந்தன. பெரியாற்றுக் காட்டில் விட்ட யானை ஒரு திங்களுக்குள் கம்பம் நகரத் தெருவில் வந்து நின்றது. அந்த யானையின் முன் பாயிண்ட் முப்பத்திரண்டை நீட்டுகிறவனைக் கற்பனை செய்து பாருங்கள்! வெடியோசை கேட்டு அது ஓடலாம். சினந்து நம்மேல் வரவும் செய்யலாம். பன்றிக்கும் அதே கதைதான். வளர்ந்த ஆண்பன்றியின் தோள்மேல் தோலுக்கடியில் கேடயம்போல் ஒரு தடித்த படலம் உண்டு. சிறு தோட்டா அதைக் காயப்படுத்தும்; காயம்பட்ட பன்றி கரும்புக்குள் புகும்; விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் வேறொருவனின் தொடையைக் கிழிக்கும்.

திருடனுக்கு? அவன் முன்னறிவிப்போடு வருவதில்லை. இருட்டில், உறக்கக் கண்ணோடு, அஞ்சிய நெஞ்சோடு, உறையிலிருந்து எடுத்துக் குறிபார்த்து, எதிரே நிற்பது திருடனா, நீர் திறக்க வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனா என்று அறிந்து சுடுதல், பலநாள் பழகியவர்க்கே அரிது. உரிமம் வாங்கிய நாளில் பத்துத் தோட்டா சுட்டுவிட்டுப் பிறகு அலமாரியில் பூட்டிவைக்கும் நம்மவர்க்கு அது கைகூடும் என்று நான் நம்பவில்லை.

மறைத்து எடுத்துச் செல்லுதலைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் தனி அனுமதியே இல்லாமல் மறைத்துச் சுமக்கலாம் என்பதைப் படித்துவிட்டு, இங்கே அது பெருங்குற்றம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு செல்பவர் அதற்குரிய உறையிலோ பையிலோ, முழுவதும் மூடப்பட்டிருக்க, தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்கின்றன. காட்டிக்கொண்டு திரிவதே குற்றம். திருமண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் பெருமைக்கு 2019ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டாண்டு வரை சிறை வைத்திருக்கிறது.

நம்மைப்போன்ற எல்லைக்காரர்க்கு மற்றொன்று. உரிமத்தில் அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்று எழுதிய உரிமத்தோடு வேலந்தாவளத்தைத் தாண்டினால், கம்பமெட்டில் சாலையின் மறுபுறம் போய்த் தேநீர் அருந்தினாலும், அந்தத் துப்பாக்கி உரிமமில்லாத் துப்பாக்கியாக மாறிவிடுகிறது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோவையிலும் தேனியிலுமாக வாழும் நமக்கு இது சிறிய செய்தி அன்று.

கைத்துப்பாக்கிப் பேச்சை இதோடு விடுகிறேன். நம் ஊர்களின் உண்மையான துன்பம் வேறு. அதற்கு வேண்டிய கருவியும் வேறு.

2020 மே 27ஆம் நாள் பாலக்காட்டு மாவட்டத்து வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்ட சூல்யானையை உலகமே பார்த்து அழுதது. பன்றிக்கென்று வெடிமருந்து வைத்த காயை அது கடித்திருந்தது. 2022 மே மாதத்தில் முட்டிக்குளங்கரைக் காவற்படை முகாமின் அருகே இரண்டு காவலர்கள் வயலில் பிணமாய்க் கிடந்தனர். பன்றிக்கு வைத்த மின்கம்பி. 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளி வயலில் இரண்டு இளைஞர்கள் அதேபோல் மாண்டனர். நிலத்துக்காரர் அஞ்சி உடல்களைப் புதைத்தே விட்டார். யானைக்காக அழுத உலகம் இந்நால்வர்க்காக அழவில்லை. 2022இல் மூணாற்றை அடுத்த காட்டில், இரவு வேட்டைக்குப் போன பழங்குடி இளைஞர் ஒருவர் உடன்போனவர்களின் நாட்டுத் துப்பாக்கிக்கு இரையானார். அவர் உடலையும் புதைத்தனர். உரிமமில்லாத் துப்பாக்கிக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை இரண்டு முதல் ஐந்தாண்டுச் சிறை. அந்த அச்சத்தில்தான் பிணங்கள் மண்ணுக்குள் போகின்றன.

வெடிக்காயும் மின்கம்பியும் ஆளைப் பார்ப்பதில்லை. பயிற்சி பெற்றவன் கைத் துப்பாக்கியோ பார்த்த பிறகே சுடுகிறது. இதை உணர்ந்துதான் கேரள அரசு 2022 மே மாதத்தில் ஊராட்சித் தலைவர்களுக்கே, பயிரழிக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை வழங்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் சுட வேண்டும். நஞ்சும் வெடியும் மின்சாரமும் கூடா. உடலைப் புதைத்துவிட வேண்டும். தமிழகம் 2025 சனவரியில் வேறு வழி வகுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடலாகாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவர்; அதற்கப்பால் வனத்துறையினரே சுடுவர். வாளையாற்றுக்கு இப்பால் ஊராட்சித் தலைவரின் ஆணைக்கு உட்பட்ட பன்றி, அப்பால் போனதும் வனத்துறையின் விருந்தாளி ஆகிவிடுகிறது!

கேரளத்தின் வழி நல்லது என்பதே என் கருத்து. ஆனால் சுடுவதற்கு ஆள் எங்கே? துப்பாக்கி வைத்திருப்போர் பலர் என் பெரியப்பாவைப் போல அறுபதைக் கடந்தவர்கள். கண் மங்கிவிட்டது. துப்பாக்கி சுவரில் இருக்கிறது, பாட்டனார் படத்துக்குப் பக்கத்தில். தேர்தல் அறிவிப்பு வந்தால் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லுவர். பன்றிக்குத் தேர்தல் இல்லை. இளைஞர் உரிமம் கேட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். கேட்பவரிலும் சுடத் தெரிந்தவர் சிலரே.

இங்கேதான் என் வேண்டுகோள் வருகிறது. உரிமத்துக்கு முன் பயிற்சி வேண்டும். 2016 விதிகளிலேயே பாதுகாப்புப் பயிற்சி பற்றிய பகுதி இருக்கிறது. 2022இல் கேரளக் காவல்துறை, உயர்நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, உரிமம் உடையவர்க்கும் கேட்பவர்க்கும் கட்டணம் பெற்றுக்கொண்டு பயிற்சி தருவதாக அறிவித்தது. கட்டணத்தை ஏன் உழவனே செலுத்த வேண்டும்? ஊரின் பயிரைக் காக்கப் போகிறவனுக்கு ஊராட்சி செலுத்தட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலக்கை நோக்கிச் சுட்டுக் காட்டாதவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கட்டும். அது என் பெரியப்பாவாக இருந்தாலும் சரி.

பயிற்சியில் சுடுவது சிறுபகுதி. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுவது, குழலை எவர்மேலும் திருப்பாதிருப்பது, சுடும் கணம் வரும்வரை விசையில் விரல் வைக்காதிருப்பது, இலக்குக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று அறியாமல் சுடாதிருப்பது, இந்நான்கும் உடம்பில் ஊறுவதற்கே நாள் ஆகும். கடைசியது நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. முதலமடை மாந்தோப்பில் மரத்துக்கு மரம் காவலாள் படுத்திருப்பான். ஏலச்செடிக்கு நடுவே தொழிலாளர் வீடுகள் இருக்கும். பாறையில் பட்ட குண்டு எங்கே திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணுக்குள் போகும். வானத்தை நோக்கி நிற்கும் பன்றியைச் சுட்டால் அது எந்த ஊருக்குப் போகுமோ! வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா மற்றொரு பூட்டில், சாவி ஒருவரிடம் மட்டும். குடித்தவர் வீட்டிலும், மனம் நொந்தவர் இருக்கும் வீட்டிலும் துப்பாக்கியே வேண்டாம்; கடன் தீராத உழவனின் வீட்டில் அது எவர்மேல் திரும்பும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பரண்மேல் ஏறிக் கவண்கல் எறிந்து தினைப்புனம் காத்த குறிஞ்சி மகளிரைப் பற்றி நம் மன்றத்தில் எத்தனை சொற்பொழிவு கேட்டிருக்கிறோம்! அவர்கள் கவணைப் பழகியிருந்தார்கள். நம்மில் என்.சி.சி.யில் சேர்ந்தவர்கள் பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிளைத் தரையில் படுத்துச் சுட்டிருப்பார்கள். மேலே சொன்ன நான்கு விதிகளும் அவர்களுக்குப் புதியன அல்ல. அவர்கள் வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஊராட்சி அலுவலகத்துக்குள் ஒருமுறை நுழைந்து, பன்றி சுடுவோர் பட்டியலில் எத்தனை பெயர், அவர்களின் வயது என்ன, கடைசியாக இலக்கை நோக்கிச் சுட்டுப் பழகியது எப்போது என்று கேட்டு எழுதி வருவார்களானால், அடுத்த இதழில் அதை வெளியிடுமாறு ஆசிரியரிடம் நானே கேட்டுப் பெறுகிறேன். சித்தூர் வட்டத்து ஊராட்சிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். உடும்பன்சோலை, கேள்வி கேட்ட நண்பருக்கு.