சிற்றுருவும் பேருண்மையும்

ஒருவர் தம் தொழிலை எவ்வாறு செய்கிறார் என்பதைக்கொண்டு அவருடைய திறமையை அறியலாம். ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழிக்கிறார் என்பதைக்கொண்டு அவருடைய பண்பை அறியலாம். தொழிலிலே மேலதிகாரியின் கண் இருக்கிறது, ஊதியம் இருக்கிறது, தவறினால் தண்டனையும் இருக்கிறது. ஓய்விலே இவற்றுள் ஒன்றும் இல்லை. காண்பார் இல்லாத இடத்திலும் ஒருவர் செம்மையாகச் செய்யும் செயலே அவருடைய உண்மைத் தகுதியைக் காட்டும்.

அத்தகைய ஓய்வுநேரக் கலைகளுள் ஒன்று, போர்க்கருவிகளையும் போர்வீரரையும் போர்க்களத்தையும் சிறிய அளவில் உருவாக்குவது. மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் இக் கலை பெரிதும் பரவியுள்ளது. பகலில் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பணிபுரிவோர், இரவு உணவுக்குப்பின் சிறிது நேரம் மேசையருகே அமர்ந்து, ஒரு விமானத்தையோ டாங்கியையோ கப்பலையோ சிற்றுருவாக அமைக்கின்றனர். விடுமுறை நாளில் அவர்களுட் சிலர் பொருட்காட்சிசாலைக்குச் சென்று, ஊதியம் கருதாமல் தொண்டு புரிகின்றனர். இதனைச் சிலர் பெரியவர்களின் பொம்மை விளையாட்டு என்று நகைப்பர். வேறு சிலர் போர்வெறிக்கு இடும் வித்து என்று கடிவர். இவ் விரண்டு கருத்துகளும் பொருந்துமா என ஆராய்வது நலம்.

பொம்மை வேறு, சிற்றுரு வேறு. குழந்தை ஒரு மரக்கட்டையைக் கயிற்றால் கட்டி இழுத்துச் சென்று, அதனைத் தேர் என்கிறது. அதன் கற்பனையே கட்டையைத் தேராக்கிவிடுகிறது. சிற்றுருவில் அவ்வளவு உரிமை இல்லை. அங்கே அளவுதான் ஆட்சி செய்கிறது. விமானங்களுக்குப் பெரிதும் வழங்கும் அளவு 72-இல் ஒரு பங்கு. ஆறடி உயரமுள்ள மனிதன் அவ் வளவில் ஓர் அங்குலம் ஆவான். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் விமானத்தின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறத்தாழ 11.2 மீட்டர் நீளமுடையது. சிற்றுருவில் அது 15.6 சென்டிமீட்டராகச் சுருங்கும். டாங்கிகளுக்குப் பெரிதும் வழங்கும் அளவு 35-இல் ஒரு பங்கு. 72-இல் ஒரு பங்கு அளவில் ஒரு மில்லிமீட்டர் பிழை செய்தால், அஃது உண்மைப் பொருளில் ஏழு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பிழையாகும். ஆதலின், சிற்றுரு செய்வோர் முதலிற் கற்பது கைத்திறன் அன்று, பொய் சொல்லாமை.

இச் செம்மை ஒரு காலத்தில் உயிர்காக்கும் செம்மையாகவும் இருந்தது. 1942-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை, ஐந்து இலட்சம் விமானச் சிற்றுருக்கள் செய்து தருமாறு அந் நாட்டுப் பள்ளி மாணவர்களை வேண்டியது. மாணவர்கள் மரத்தைச் செதுக்கி, 72-இல் ஒரு பங்கு அளவில் அவற்றை உருவாக்கிக் கருநிறம் பூசினர். வானிலே தொலைவிற் பறக்கும் விமானம் தம்மவருடையதா, பகைவருடையதா என்று வடிவத்தைக்கொண்டே அறியும் பயிற்சிக்கு அவை பயன்பட்டன. இறக்கையின் வடிவம் தவறாக இருந்தால், அதனைப் பார்த்துப் பழகியவன் தன் தோழனையே சுட்டு வீழ்த்தக்கூடும். பள்ளி மேசையில் நேரும் சிறு பிழை, கடல்மீது பெருந் தீங்காய் முடியலாம் அன்றோ?

இக் கலை நேற்றுத் தோன்றியதன்று. பிரான்சு நாட்டிலே பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1668-ஆம் ஆண்டில், கோட்டை நகரங்களைச் சிற்றுருவாக அமைத்துத் தொகுக்கும் பணி தொடங்கிற்று. மரம், காகிதம், பட்டு முதலியவற்றால் 600-இல் ஒரு பங்கு அளவில் அமைந்த அந் நகரங்களுள் ஏறத்தாழ நூறு இன்றும் எஞ்சியுள்ளன. அவை மன்னனின் பொருளால் ஆனவை. இக் காலத்திலோ, ஏர்பிக்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் 1953-இல் வெளியிட்ட ஸ்பிட்பயரைப் போன்ற பிளாஸ்டிக் தொகுதிகளால், மன்னர்க்கு உரியதாய் இருந்த இக் கலை எளியோர் மேசைக்கும் வந்துவிட்டது.

ஆயினும், ஒரு தனிமனிதர் தம் ஓய்வையும் பொருளையும் ஈந்து அமைத்த சிற்றுருக்களுள் தலையாயது வில்லியம் சைபார்ன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி செய்த வாட்டர்லூப் போர்க்களமே எனலாம். 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் நெப்போலியன் தோல்வியுற்ற களம் அது. சைபார்ன் அப் போரில் கலந்துகொண்டவர் அல்லர். 1830-இல் அக் களத்தைச் சிற்றுருவாக அமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் என்னும் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களை அளந்தார். பின்பு, போரிலிருந்து உயிர்மீண்ட அதிகாரிகளுக்குக் கடிதங்கள் விடுத்தார். மாலை ஏழு மணியளவில் உமது படை எங்கே நின்றது, எவ்வாறு அணிவகுத்திருந்தது, எதிரே பகைவர் எங்கே இருந்தனர், அங்கே வளர்ந்திருந்த பயிர் யாது என்றெல்லாம் வினவினார். வயலிலே நின்ற பயிரையும் விடாமல் கேட்ட அவருடைய நுண்மையை என்னென்பது!

விடைகள் வந்து குவிந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. போர் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. புகை சூழ்ந்த களத்தில் ஒவ்வொருவரும் கண்டது தம் முன்னிருந்த சிறு பகுதியையே. சிற்றுரு செய்வோர்க்கு இங்குத்தான் இடர் தோன்றுகிறது. நூல் எழுதுவோர் ‘இவ்வாறும் சொல்வர், அவ்வாறும் சொல்வர்’ என்று எழுதி அப்பாற் செல்லலாம். சிற்றுரு செய்வோர்க்கு அவ் வசதி இல்லை. ஈயத்தால் வார்த்த வீரனை ஏதேனும் ஓர் இடத்தில் நிறுத்தியே தீரவேண்டும். அவ் விடம் சரியா, தவறா என்பதற்கு அவரே பொறுப்பாளி.

1833-இல் அரசாங்கம் பொருளுதவியை நிறுத்திவிட்டது. சைபார்ன் அப்போது அயர்லாந்தில் படைத்தலைவருடைய உதவிச் செயலாளராக அலுவல் பார்த்துவந்தார். அலுவலை விடவில்லை, எடுத்த பணியையும் விடவில்லை. எஞ்சிய நேரத்தில், தம் பொருளையும் கடன் வாங்கிய பொருளையும் செலவிட்டு, 1838-இல் அதனை முடித்தார். ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்னும் அளவில் அமைந்த அக் களத்தில் எழுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வீரர்கள் நின்றனர். இலண்டன் மாநகரில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வந்து கண்டனர். எனினும், அவர் இட்ட பொருள் அவருக்குத் திரும்பவில்லை. அன்றியும், துணைக்கு வந்த பிரஷ்யப் படையை அவர் நிறுத்திய இடம் பற்றி வெலிங்டன் தரப்பில் மறுப்பு எழுந்தது. வெற்றியில் பிரஷ்யருக்கு உரிய பங்கு எவ்வளவு என்னும் பெரிய வழக்கு, சில ஈய வீரர்கள் நிற்கும் இடத்திலே அடங்கியிருந்தது. பின்னர் அவர் பிரஷ்யரின் நிலையை மாற்றினார். அம் மாற்றம் ஏன் நிகழ்ந்தது என்பது பற்றி வரலாற்றறிஞர்கள் இன்றும் வழக்கிடுகின்றனர்.

சைபார்ன் 1849-இல் மறைந்தார். அவருடைய சிற்றுரு இன்று இலண்டனிலுள்ள தேசிய இராணுவப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அவர் தொகுத்த கடிதங்களுட் பலவற்றை அவர் மகனார் 1891-இல் நூலாக வெளியிட்டார். வாட்டர்லூவின் வரலாற்றை எழுதுவோர் அக் கடிதங்களை இன்றும் நாடுகின்றனர். சிற்றுருவின்பொருட்டுத் தேடிய உண்மை, சிற்றுருவினும் பெரிதாக வளர்ந்து நின்றது. இதனைப் பொம்மை விளையாட்டு என்பார் யார்?

அவர் வாழ்க்கை ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கலை நல்லது, கடன் நல்லதன்று. இக் காலத்திலும் இக் கலையில் ஈடுபட்டோர் சிலர், செய்து முடிக்காத தொகுதிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குகின்றனர். அது பொருள் சேர்க்கும் ஆசையேயன்றிக் கலையன்று. வருவாய்க்கு ஏற்ற செலவும், குடும்பக் கடமைக்குப் பின் கிடைக்கும் நேரமும் இதற்குப் போதும். ஓர் உறுப்பைச் சட்டத்திலிருந்து வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பசையிட்டு, வண்ணம் பூசி, உலரும்வரை கைவையாது காத்திருக்கவேண்டும். விரைந்தால் வண்ணத்தில் விரற்குறி பதிந்துவிடும். நாளெல்லாம் விரைந்தோடும் உலகிலே, காத்திருக்கக் கற்பது எளிய கல்வியன்று.

இனி, போர்வெறி பற்றிய தடையை நோக்குவோம் எனின், அதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுத்தல் கூடாது. பொருளின் அளவு சுருங்கும்போது துயரத்தின் அளவும் சுருங்கிவிடுகிறது. வாட்டர்லூக் களத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம்பேர் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்தனர். ஈய வீரரிடத்தில் குருதி இல்லை; முனகல் இல்லை; வீட்டில் காத்திருக்கும் தாய் இல்லை. அழகிய வண்ணத்தில் மனம் பறிகொடுத்தோர், அக் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடக்கூடும். எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் பொம்மை வீரரைக்கொண்டு ஆடும் போர்விளையாட்டைப் பற்றி 1913-இல் ஒரு நூல் எழுதினார். விளையாட்டுப் போரிலேயே இத்துணைத் தடுமாற்றம் நேருமானால், உண்மைப் போர் எத்துணைப் பெரிய பேதைமை என்பதே அவர் அதில் வற்புறுத்திய கருத்து. மறு ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. நன்னோக்கத்தோடு செய்த சிற்றுரு தானாகவே போரைத் தடுத்துவிடாது என்பதும் இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் இக் குறையைத் தீர்ப்பது எது? பொருட்காட்சிசாலைத் தொண்டே அதற்கு மருந்து. இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் பாவிங்டன் என்னும் ஊரில் டாங்கிப் பொருட்காட்சிசாலை ஒன்று உள்ளது. 1943-இல் துனீசியாவில் கைப்பற்றப்பட்ட டைகர் 131 என்னும் ஜெர்மன் டாங்கி அங்கே நிற்கிறது. 35-இல் ஒரு பங்குச் சிற்றுருவில் அது பீரங்கி நுனிவரை 24 சென்டிமீட்டர் நீளமே. ஒரு கையால் தூக்கிவிடலாம். நேரிலோ அதன் எடை ஐம்பது டன்னுக்கு மேல். ஐந்து மனிதர் அதனுள்ளே அடைபட்டிருந்தனர். அவர்கள் நுழையும் வாயிலையும், தீப்பற்றினால் வெளியேற வேண்டிய வழியையும் அருகே நின்று கண்டோர், தம் மேசைமேலுள்ள சிற்றுருவைப் பழைய கண்ணால் பாரார். அமெரிக்காவின் சான் டியாகோ துறைமுகத்தில், 1945 முதல் 1992 வரை கடலில் பணியாற்றிய மிட்வே என்னும் விமானந்தாங்கிக் கப்பல், 2004 முதல் பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. அங்கே தொண்டு புரிவோருள் முன்னாள் கடற்படையினர் பலர். அவர்கள் சொல்லும் செய்திகள் எந்தத் தொகுதியின் விளக்கத்தாளிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

தொண்டர் செய்யும் வேலை பெரும்பாலும் எளியது. தூசி துடைப்பர், துருவைச் சுரண்டுவர், பொருளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவர், வழி கேட்போர்க்கு வழி காட்டுவர். ஆனால் ஒரு குழந்தை அவர் முன் நின்று, ‘இதனுள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?’ என்று கேட்கும் வேளை ஒன்று வரும். அவ் வேளையில் அளவுகளும் வண்ணங்களும் உதவா. அறிந்த உண்மையை மறையாது, அச்சுறுத்தாது, மிகைப்படுத்தாது சொல்லவேண்டும். அறியாததை அறியேன் என்றும் சொல்லவேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் பொய் சொல்லாதிருக்கப் பழகிய கைக்கு உரிய நா அதுவே. மேசையிற் பழகிய செம்மை மன்றத்திற் சொல்லும் சொல்லிலும் விளங்குமானால்தான் அக் கலை நிறைவு பெறும்.

ஆகவே, இக் கலையைப் பழிப்பதும் வேண்டா. கண்மூடிப் புகழ்வதும் வேண்டா. கடமைக்குப் பின்னர், வருவாய்க்கு அடங்கி, உண்மைக்கு உட்பட்டுச் செய்யப்படுமாயின் அது நல்ல கலை. அதனாற் பெற்ற அறிவு பிறர்க்கும் பயன்படுமாயின் அது நல்ல தொண்டு. மாணவர்கள் எதனைச் சிற்றுருவாக்க விரும்பினும், செய்வதற்குமுன் அளந்தறிக; செய்தபின் அதனோடு தொடர்புடைய மனிதரின் கதையையும் தேடியறிக. கையளவுப் பொருளைச் செய்வோர்க்கும் உலகளவு உள்ளம் வேண்டும். அவ் வுள்ளம் இல்லையேல் சிற்றுரு வெறும் பிளாஸ்டிக்கே. அஃது இருப்பின், மாண்டவர்க்கும் இனி வருபவர்க்கும் இடையே அச் சிற்றுரு ஒரு பாலமாகும்.