கடிகாரத்தில் எது அசல்?

பெங்களூருவிலிருந்து ஒசூர் சாலையில் தெற்கு நோக்கி வருவோர் மின்னணு நகரத்தை ஒட்டி வீரசந்திராவைக் காணலாம். ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில்தான் டைட்டன் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இன்று இருக்கிறது. அத்திபெலேயைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. அப்பால் ஒசூரில் அந்நிறுவனத்தின் கடிகார ஆலை. டைட்டன் 2011இல் ஃபேவர்-லூபா என்னும் சுவிஸ் கடிகாரப் பெயரை 20 லட்சம் யூரோவுக்கு விலைக்கு வாங்கியது. 1737ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் பெயர் அது. இந்தியாவில் முந்தைய தலைமுறைக்கு நன்கு பழக்கமானது. பழைய ஃபேவர்-லூபாக்களைச் செய்த கைகள் ஒசூருக்கோ ஆனேக்கலுக்கோ வரவில்லை; வந்தது பெயர். அன்றுமுதல், டைட்டன் எதன்மேல் அப்பெயரைப் பொறித்ததோ அதுவே அசல் ஃபேவர்-லூபா ஆயிற்று. பின்னர் அந்தப் பெயர் மறுபடியும் கைமாறி, 2024இல் ஜெனீவாவில் வேறோர் உடைமையாளரின் கீழ் புதிதாக வெளியிடப்பட்டது. அன்றிலிருந்து அவர் செய்வது அசல்.

ஆடம்பரக் கைக்கடிகாரங்களின் நகல்களில் அசல் உதிரிபாகங்களைப் பொருத்தும் வழக்கம் இப்போது உலகெங்கும் பரவியிருக்கிறது. அதைப் பற்றிப் பேசுமுன் இந்தப் பெயர் மாற்றத்தை நினைவில் கொள்வது நல்லது.

வழக்கம் இதுதான். பல லட்சம் ரூபாய் விலையுள்ள சுவிஸ் கடிகாரம் ஒன்றின் நகலை ஒருவர் சில ஆயிரங்களுக்கு வாங்குகிறார். தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. அருகில் பார்த்தால் டயலின் எழுத்து சற்றுத் தடித்திருக்கும், முள்ளின் விளிம்பு கூர்மை குறைந்திருக்கும், கண்ணாடி மங்கலாக இருக்கும். எனவே உடைந்துபோன அசல் கடிகாரங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் பாகங்களைத் தேடிப் பிடிக்கிறார். முதலில் கண்ணாடி, பிறகு சாவி, அதன்பின் முட்கள், டயல். உள்ளே ஓடும் மெஷின் அசலின் அளவுகளைப் பின்பற்றிச் செய்யப்பட்ட நகல் என்பதால், ஓரிரு இடங்களில் அரத்தால் தேய்த்தால் பாகங்கள் பொருந்திவிடுகின்றன. சிலர் மெஷினின் சக்கரங்களைக்கூட ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். கடைசியில், பின்மூடியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் கைதேர்ந்த தொழிலாளிக்கு மட்டுமே உண்மை தெரியும்.

தமிழ் இலக்கணத்தில் 'போலி' என்பது வசைச் சொல்லாக இல்லை. எழுத்து மாறியும் பொருள் மாறாதிருப்பதே போலி. பந்தல் பந்தர் ஆனால் கடைப்போலி. ஐந்து அஞ்சு ஆனால், எழுத்து முழுவதும் மாறியும் பொருள் நிற்பதால், முற்றுப்போலி. இந்தக் கடிகாரங்களை இலக்கணப் புலவர் ஒருவரிடம் காட்டினால் எந்த வகை என்று உடனே சொல்லியிருப்பார். அவற்றின் எதிர்ச்சொல்லாக வழங்கும் 'அசல்' அரபியிலிருந்து வந்த சொல். கடன் பத்திரத்தில் வட்டிக்கு எதிரே நிற்கும் முதலுக்கும் அதே பெயர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆடம்பரக் கடிகார வணிகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

பணக்காரர்களின் மணிக்கட்டில் எது கிடந்தால் உழைக்கும் மக்களுக்கு என்ன என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆயினும் 'அசல்' என்னும் சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருளைச் சற்று உற்று நோக்கினால், அதற்குள் உழைப்பின் கணக்கு ஒளிந்திருப்பது தெரியும்.

2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சுவிஸ் விதிப்படி, ஒரு கடிகாரத்தின் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். மெஷினுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. மீதி 40 சதவீதம் வரை வேறு எங்கிருந்தும் வரலாம். சுவிஸ் கூலி உயர்ந்தது. ஆசியக் கூலி தாழ்ந்தது. ஆகவே செலவில் 40 சதவீதம் என்பது பாகங்களின் எண்ணிக்கையில் மிகப் பெரும் பங்காகவே இருக்க முடியும். இந்தியாவின் கேடிடிஎல் நிறுவனம் சுவிஸ் கடிகார நிறுவனங்களுக்கு டயல்களும் முட்களும் செய்து அனுப்புகிறது. முட்கள் செய்யும் அதன் ஆலை பெங்களூருவில் உள்ளது. பெங்களூருத் தொழிலாளி செய்த முள் விமானமேறிச் சென்று ஒரு சுவிஸ் பெயருக்குக் கீழே அமரும்போது அசலாகிறது. அதே நகரத்தில் ஒரு பழுதுபார்ப்பவர் அதே முள்ளை வேறொரு டயலின்மேல் வைத்தால் அது குற்றத்தின் பகுதி. முள் ஒன்றே.

மெஷினின் கதை இன்னும் விந்தையானது. சுவிஸ் நிறுவனமான ஈடிஏவின் 2824 என்னும் மெஷினுக்குரிய காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதே வடிவத்தைச் செல்லிட்டா என்னும் மற்றொரு சுவிஸ் நிறுவனமும், சீனத்தின் தியான்ஜின் ஸீகல் ஆலையும் செய்கின்றன. அதைத் திருட்டு என்று எவரும் சொல்வதில்லை. கடிகாரத்தின் உயிரான பொறியமைப்பை நகலெடுப்பது சட்டப்படி செல்லும். டயலில் உள்ள சில எழுத்துகளை நகலெடுப்பதுதான் குற்றம். காப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு. வணிகக் குறியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் பட்டறைத் தொழில் பற்றிய அத்தியாயத்தில் கடிகாரத்தையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டது காரணத்தோடுதான். நியூரம்பெர்கில் ஒரு கைவினைஞனின் தனிப் படைப்பாக இருந்த கடிகாரம், சுருள்வில் செய்பவர், டயல் செய்பவர், முள் செய்பவர், திருகு செய்பவர், முலாம் பூசுபவர் என எண்ணற்ற பகுதித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாக மாறியதை அவர் நீண்ட பட்டியலாகவே தந்தார். சுவிட்சர்லாந்தின் லா ஷோ-ட-ஃபோன் நகரம் முழுவதையும் ஒரே கடிகார ஆலையாக அவர் கண்டார். பாகங்கள் பல வீடுகளில் பிறந்து கடைசிக் கையில்தான் ஒன்று சேர்கின்றன. வீட்டிலிருந்தே முதலாளிக்காக உழைப்பவன் சுதந்திரக் கைவினைஞன் ஆகிவிடமாட்டான் என்பதையும் அவர் சுட்டத் தவறவில்லை. (அதே ஜூரா மலைக் கடிகாரத் தொழிலாளர்களிடம் 1872இல் சென்ற க்ரோபோட்கின் அராஜகவாதியாகத் திரும்பினார் என்பது தனிக் கதை.) ஆக, வெவ்வேறு இடங்களில் பிறந்த பாகங்களின் சேர்க்கை என்பது கடிகாரத்தின் இயல்பே. ஒட்டுப்போட்ட கடிகாரத்தை இழித்துப் பேசுவோர், ஒட்டுப்போடாத கடிகாரம் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும்.

இந்தியாவில் இதன் மறுபக்கம் நடந்துகொண்டிருக்கிறது. பொதுத்துறை நிறுவனமான எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூருவில் கடிகார ஆலையைத் தொடங்கியது. அதன் கடிகாரம் ஒன்றுக்கு 'ஜனதா' என்று பெயர். மக்கள் என்று பொருள். நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய, ஆசிரியரும் அஞ்சல்காரரும் கட்டிய, திருமணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுத்த கடிகாரம். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்எம்டி வாட்சஸை மூட ஒப்புதல் அளித்தது. அதனுடன் மூடப்பட்ட மற்ற இரு துணை நிறுவனங்களையும் சேர்த்துத் தொழிலாளர்களை அனுப்பிவைக்க ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 427 கோடி ரூபாய். அடுத்த சில வாரங்களில் கர்நாடக சட்டமன்றமே ஒரு கைக்கடிகாரத்தால் அதிர்ந்தது. அது எச்எம்டியைப் பற்றிய அதிர்ச்சி என்று எண்ணுவோர் ஏமாறுவர். முதலமைச்சர் சித்தராமையாவின் கையிலிருந்த ஹூப்லோ கடிகாரம் 70 லட்சம் ரூபாய் பெறும் என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. நண்பர் தந்த அன்பளிப்பு என்று விளக்கிய அவர், மார்ச்சில் அதைப் பேரவைத் தலைவரிடம் ஒப்படைத்தார்.

ஆலை மூடிய பிறகு ஜனதாவுக்கு விலை ஏறியது. இன்று சந்தையில் கிடைக்கும் பல எச்எம்டிகளில் உள்ளே இருப்பது உண்மையான எச்எம்டி மெஷின். மேலே இருப்பதோ மும்பையில் புதிதாக வண்ணம் தீட்டிய டயல். எச்எம்டி ஒருபோதும் வெளியிடாத நிறங்களில்கூட அவை விற்கின்றன. ஆடம்பர நகலில் உள்ளே பொய், மேலே மெய். இங்கே உள்ளே மெய், மேலே பொய். பொதுத்துறைத் தொழிலாளி செய்த மெஷின் அறுபதாண்டு கழித்தும் ஓடுகிறது. அதற்கு முகம் கொடுக்க ஆலைதான் இல்லை.

இவ்வளவையும் வைத்து, நகலைத் திருத்துகிறவனைப் பெருநிறுவனங்களுக்கு எதிரான கலகக்காரனாகச் சித்திரிக்கும் சபலம் இடதுசாரி எழுத்தாளர் சிலருக்கு உண்டு. அது பிழை. பிராண்டின் பெயரை உடைக்க அவன் விரும்பவில்லை. அதன் நிழலில் ஒதுங்கவே விரும்புகிறான். அசல் முள்ளுக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பவன் கோயில் வாசலில் நிற்கும் பக்தனைவிட அழுத்தமான நம்பிக்கையாளன். சரக்கின் மாயவழிபாடு என்று மார்க்ஸ் குறித்ததற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. மேலும், அக்கடிகாரம் அவனிடமே தங்குவதில்லை. இரண்டாம், மூன்றாம் கைக்குச் செல்லும்போது யாரோ ஒருவர் அசல் என்று நம்பி சேமிப்பைத் தொலைக்கிறார். ஏமாற்று ஏமாற்றுதான்.

ஆனால் தண்டனை யார்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகள் பொய்க் குறியை இடுபவரையும், அப்பொருளை விற்பவரையும், விற்பனைக்கு வைத்திருப்பவரையும் தண்டிக்கின்றன. ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தானே வாங்கித் தானே அணியும் மேலாளர் இவ்வலையில் சிக்குவதில்லை. சந்தாபுரத்திலோ ஒசூரிலோ நான்கடிக் கடையில் கண்ணில் லென்ஸ் மாட்டி அமர்ந்திருப்பவரிடம் இப்படியொரு கடிகாரமும் ஒரு பொட்டலம் உதிரிபாகமும் வந்து சேர்ந்தால், வேலையை ஏற்றால் வழக்கு வருமோ என்ற அச்சம், மறுத்தால் அன்றைய கூலி இல்லை. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, சந்தைக்கு வந்தபின் மாற்றப்பட்ட பொருளின் மறுவிற்பனையை எதிர்க்கும் உரிமையையும் குறியின் உடைமையாளருக்கே தருகிறது. எனவே உண்மையான கடிகாரத்துக்கு வேறு டயல் போட்டு விற்பதும் ஆபத்தானதே.

அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் இரண்டு வழிகளைக் காட்டியுள்ளன. பழைய ஹாமில்டன் சட்டைப்பைக் கடிகாரங்களின் மெஷினைக் கைக்கடிகாரமாக மாற்றி, அதை வெளிப்படையாக அறிவித்து விற்ற வோர்டிக் என்ற சிறு நிறுவனம் 2021இல் மேல்முறையீட்டிலும் வென்றது. ரோலெக்ஸ் கடிகாரங்களில் வெளியார் செய்த டயல், விளிம்பு வளையம் பொருத்தி விற்ற பெக்கர்டைம் நிறுவனத்துக்கு எதிராக 2024இல் தீர்ப்பு வந்தது. என்ன செய்தோம் என்பதை வாங்குபவரிடம் முழுவதும் சொன்னாரா என்பதே முதல் வழக்கில் முதன்மையான கேள்வியாக இருந்தது. உழைப்பவர் பக்கம் நிற்பவர்களுக்கும் அதுவே சரியான அளவுகோல்.

நகலுக்குள் அசல் பாகம் நுழைவதற்கு ஒரு காரணம், அசல் பாகம் நேர்வழியில் கிடைக்காததுதான். ஆடம்பர நிறுவனங்கள் பல, தம் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு வெளியே உதிரிபாகங்களை விற்பதில்லை. கார் நிறுவனங்கள் இதையே செய்தபோது, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவை மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022இல் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழுவை அமைத்து, வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. கடிகாரத்துக்கு அதில் இடமில்லை. மாறாக, 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்க ஒப்பந்தத்தின்படி, சுவிஸ் கடிகாரங்கள்மீதான சுங்கவரி ஏழாண்டுகளில் படிப்படியாக நீங்கப்போகிறது. கடிகாரம் எளிதாக வரும். அதன் திருகு வராது.

ஆனேக்கல் வட்டத்திலும் ஒசூரிலும் உள்ள தொழிற்சங்கங்கள் இதைக் கையிலெடுக்க இடமுண்டு. 1.15 மில்லிமீட்டர் தடிமனில் கடிகார மெஷின் செய்துகாட்டிய தொழிலாளர்களின் பகுதி இது. டைட்டன் பங்குகளில் 27 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாடு அரசின் டிட்கோவிடம் உள்ளது. அந்நிறுவனத்தின் மிகப் பெரிய தனிப் பங்குதாரர் அதுவே. உதிரிபாகப் பட்டியலையும் விலையையும் பகிரங்கமாக வெளியிட்டு, கேட்கும் எந்தப் பழுதுபார்ப்பவருக்கும் ரசீதுடன் விற்கும் முறையை, பொதுப்பணம் உள்ள நிறுவனத்திலேயே முன்மாதிரியாக நிறுவுமாறு டிட்கோவை வலியுறுத்தலாம். மாற்றிய பாகங்களை எழுதிக் கொடுத்த பழுதுபார்ப்பவருக்கு வணிகக் குறிகள் சட்டத்தில் பாதுகாப்பு வேண்டும் என்ற திருத்தத்தை நாடாளுமன்றத்தில் எழுப்பலாம். எச்எம்டியின் வரைபடங்களும் அச்சுகளும் எஞ்சியிருக்கும் வரை, ஜனதாவுக்கு டயல் செய்யும் உரிமையை அதன் முன்னாள் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு வழங்குமாறு கேட்பதற்கும் தடை ஏதுமில்லை.