இலவசக் கப்பலும் ஃப்ரீ டெலிவரியும்



"10 நிமிஷத்துல டெலிவரி, முதல் ஆர்டருக்குப் பாதி விலை"ன்னு அடுத்த தடவை ஃபோன்ல நோட்டிஃபிகேஷன் வந்தா, 1906-ஐ ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

அந்த வருஷம்தான் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு அது நேரடிப் போட்டி. அவங்க என்ன செஞ்சாங்க? முதல்ல கட்டணத்தைக் குறைச்சாங்க. அதுவும் எடுபடலைன்னதும் இலவசப் பயணம், கூடவே ஒரு குடையும் ஃப்ரீ! 1908-ல் வ.உ.சி. சிறையில். 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டி ஒழிஞ்ச பிறகு குடை எதுக்கு?

இன்னைக்கு கம்பெனி பேருதான் வேற, ஃபார்முலா அதேதான். முதலீட்டாளர் பணத்தை வச்சு வருஷக்கணக்கா நஷ்டத்துக்கு விற்க அவங்களால முடியும். வட்டிக்கு வாங்கி சரக்கு எடுக்கிற தெருமுனை அண்ணாச்சியால முடியுமா?

"விலை குறைஞ்சா மக்களுக்கு நல்லதுதானே?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா பில்லை முழுசா பாருங்க. ஹேண்ட்லிங் சார்ஜ், மழை பெய்தா அதுக்கு ஒரு சார்ஜ். கடை இருக்கும்போதே இப்படின்னா, கடை மூடின பிறகு?

கொள்ளை லாபத்துக்காக அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தடுக்க, 2002 போட்டிச் சட்டத்தில் பிரிவு 4 இருக்கு. ஆனா அந்தக் கம்பெனி சந்தையில் ஆதிக்கம் செலுத்துதுன்னு முதல்ல நிரூபிக்கணும். அது முடியறதுக்குள்ள நம்ம தெருக் கடை ஷட்டர் இறங்கியிருக்கும். இந்தச் சட்டம் மாறணும். அதை நாம கேட்டுக்கிட்டே இருக்கணும்.

அண்ணாச்சி கடை வெறும் கடை இல்ல. 10 ரூபாய்க்குப் பருப்பு கொடுக்கும். மாசக் கடைசியில் வட்டியில்லாம நோட்டுல எழுதிக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்டும் சிக்னலும் போன இடத்துல எந்த ஆப்பும் ஓடலை. பக்கத்துக் கடைதான் கை கொடுத்தது.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம்னு நம்ம வணிகர்கள் அறிவிச்சாங்க. பவண்டோ தேடிக் குடிச்சோம். கோபம் ஆறினதும் பழைய பாட்டில் எல்லாம் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பி வந்துடுச்சு. அதனால கோபம் மட்டும் போதாது, பழக்கம் மாறணும்.

நாம செய்ய வேண்டியது:

👉 மாச மளிகை லிஸ்ட்டை உங்க தெருக் கடைக்கு மாத்துங்க.
👉 அந்தக் கடையை கூகுள் மேப்பில் ஏத்திக் கொடுங்க. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கக் கத்துக் கொடுங்க. அரை மணி நேர வேலைதான்.
👉 உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆனா இடைத்தரகர்கள் காசு பிடுங்குறாங்க. நீங்களே கூட உட்கார்ந்து பதிஞ்சு கொடுங்க. வங்கிக் கடன் கேட்கும்போது அது உதவும்.

டெக்னாலஜி அவங்களுக்கு மட்டும் சொந்தமில்ல. கோடிங் படிச்ச பிள்ளைங்க தெருவுக்கு ஒருத்தராவது நம்மகிட்ட இருக்கோம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு கடை. எந்தக் கடை, எந்த ஊர்னு கமெண்ட்ல போடுங்க!

#நம்மதெருக்கடை

— தகவல் தொழில்நுட்ப அணி