சேலம் எட்டு வழிச்சாலை: நிலம் போகும் முன் நம் கையில் இருக்கும் 21 நாட்கள்

நீங்க சென்னையில வேலை பார்க்கிறீங்க. ஊர்ல அப்பா பேர்ல ரெண்டு ஏக்கர் இருக்கு. திடீர்னு ஒருநாள் வயல்ல அதிகாரிகள் வந்து அளவுக்கல் நடுறாங்க. 2018-ல் சேலம் சுற்றுவட்டார விவசாயிகள் பலருக்கு இதுதான் நடந்தது. அடுத்து என்ன ஆச்சு?

என்ன திட்டம்?

சேலம் - சென்னை இடையே 277 கி.மீ. நீளத்துக்கு, சுமார் 10,000 கோடி ரூபாயில், மத்திய அரசின் பாரத்மாலா திட்டத்தில் எட்டு வழிச்சாலை. விவசாயிகள், பூவுலகின் நண்பர்கள், அன்புமணி ராமதாஸ் உள்ளிட்டோர் நீதிமன்றம் போனார்கள்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின?

2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புகள் செல்லும் என்றது. சுற்றுச்சூழல் அனுமதி அறிவிப்புக்கு முன்பே தேவையில்லை, ஆனா கட்டுமானம் தொடங்கும் முன் கட்டாயம் என்றது.

அப்போ விவசாயிகளுக்குத் தோல்வியா?

முழுசா இல்லை. முதல் அறிவிப்பு வந்ததுமே வருவாய்த் துறை ஆவணங்களில் நிலத்தின் உரிமையாளர் பெயரை மாற்றியிருந்தார்கள். அது தப்பு, பழையபடி மாத்தணும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

ஏன் தப்பு?

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-ன்படி, பிரிவு 3ஏ அறிவிப்பு என்பது 'இந்த நிலத்தை எடுக்க நினைக்கிறோம்' என்று அரசு சொல்வது மட்டும்தான். பிரிவு 3டி அறிவிப்பு வந்த பிறகே நிலம் மத்திய அரசுக்குப் போகும். அது ஒரு வருஷத்துக்குள் வரணும். இல்லைன்னா 3ஏ காலாவதி (நீதிமன்றத் தடை இருந்த காலம் கணக்கில் வராது).

நாம எங்கே கேள்வி கேட்கலாம்?

3ஏ-வுக்கும் 3டி-க்கும் நடுவுல. அரசிதழில் 3ஏ வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபனையை எழுத்துபூர்வமா, காரணத்தோடு கொடுக்கலாம். நேரிலோ வக்கீல் மூலமோ விளக்கமளிக்க வாய்ப்பு தரணும். 2013 நில எடுப்புச் சட்டத்தில் இருக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு இந்தச் சாலைகளுக்குப் பொருந்தாது. அதன் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் பொருந்தும். அதனால ஊர்க்காரங்க கையில் இருக்கும் முக்கியமான கருவி இந்த 21 நாட்கள்தான்.

ஆனா அறிவிப்பின் சுருக்கம் வர்றது ரெண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று தமிழ். கண்ணில் படாமல் போனா நாள் ஓடிடும். தமிழக அரசின் இணையதளத்தில் பட்டா, சிட்டாவை போனிலேயே பார்க்கலாம். இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது சர்வே எண்ணைக் கேட்டு, யார் பேரில் இருக்குன்னு ஒருமுறை பார்த்துடுங்க.