பதினைந்து கிலோவும் பதினெட்டு வயசும்

எங்க வெம்பக்கோட்டைப் பக்கம் யாராவது பட்டாசு ஆலை பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த கேள்வி, "என்ன லைசென்ஸ்?" என்பதுதான். டி.ஆர்.ஓ. லைசென்ஸா, சென்னையா, நாக்பூரா? ஒரு நேரத்தில் 15 கிலோவுக்குள் மருந்து வைத்து வேலை பார்க்கிற சின்ன ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் கொடுத்துவிடும். அதற்கு மேலே போனால் வெடிபொருள் துறை. ரொம்பப் பெரிய ஆலை என்றால் நாக்பூர் தலைமை அலுவலகம். வெடிமருந்துக்கே எவ்வளவு கையில் வைத்திருக்கிறாய் என்று பார்த்துவிட்டுத்தான் அரசாங்கம் பேசுகிறது.

சரி, மேட்டருக்கு வருகிறேன். இணையத்தில் பிள்ளைகளைக் காப்பாற்ற என்று வந்திருக்கிற வயதுச் சட்டங்களில் இந்தக் கிலோக் கணக்கைக் காணோம். ஃபேஸ்புக்கை மனதில் வைத்து எழுதுகிறார்கள். அது வந்து விழுவது நானூறு பேர் இருக்கிற ஒரு கருத்துக்களத்தின் தலையில்.

நம் நாட்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் 9-ஆம் பிரிவு, 18 வயது ஆகாதவரின் விவரத்தைக் கையாள வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சும்மா "எங்க அப்பா சரின்னு சொல்லிட்டார்" என்று டிக் அடித்தால் போதாது, சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இந்தப் பகுதிக்குக் கொடுத்த அவகாசம் 18 மாதம், அதாவது 2027 மே வரை. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். (அது உச்சவரம்புதான். அபராதம் போடும்போது ஆளின் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் 200 கோடி என்று படித்த பிறகு யாருக்குங்க தூக்கம் வரும்?)

எனக்குத் தெரிந்த சீனியர் அண்ணன் ஒருவர் கணக்குப் பதிவியல் சந்தேகங்களுக்காக ஒரு களம் நடத்துகிறார். விளம்பரம் கிடையாது. சர்வர் வாடகை அவர் சம்பளத்திலிருந்து போகிறது. பெயர்கூடக் கேட்க மாட்டார், ஒரு புனைபெயரும் மின்னஞ்சலும் போதும். வருகிறவர்களில் பாதிப்பேர் பிளஸ் ஒன், பிளஸ் டூ. வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் ஏன் ஒத்துப்போக மாட்டேன் என்கிறது என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்பார்கள், யாராவது ஒருத்தர் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். டியூஷனுக்குக் காசு கட்ட முடியாத எனக்கு அப்படித்தான் தேய்மானம் புரிந்தது. சட்டத்தின் கண்ணில் அந்த அண்ணன் தரவுகளுக்குப் பொறுப்பான ஒரு நிறுவனம் மாதிரி!

பெரிய நிறுவனங்களுக்குக் கூடுதல் கடமை, சின்ன நிறுவனங்களுக்குச் சலுகை என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 17-ஆம் பிரிவின்படி, ஸ்டார்ட்அப் உட்பட சில வகையினருக்கு அரசு சில பிரிவுகளிலிருந்து விலக்கு தரலாம். அந்தப் பட்டியலில் 5 இருக்கிறது, 8-இல் கொஞ்சம் இருக்கிறது, 10, 11 இருக்கிறது. 9 மட்டும் இல்லை.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது நிலையான செலவுக் கணக்குதான். வயது சரிபார்க்கும் ஏற்பாடு, வக்கீல், பதிவேடு எல்லாம் பத்துக் கோடிப் பேர் இருந்தாலும் நானூறு பேர் இருந்தாலும் கட்டாயம் வேண்டும். பத்துக் கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்குப் பைசாக் கணக்கு. நானூறு பேருக்குப் பிரித்துப் பாருங்கள். கடைசியில் அந்தச் சட்டம் பெரியவனுக்குச் செலவாக இருக்காது, போட்டிக்கு ஆளே வராமல் பார்த்துக்கொள்ளும் வேலியாகிவிடும்.

இது வெறும் பயம் இல்லை. பிரிட்டனில் 2023-இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே அபராதம் 1.8 கோடி பவுண்டு அல்லது வருமானத்தில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அது வரைக்கும். வயதுச் சரிபார்ப்பு மட்டுமில்லை, சின்னக் களங்களும் ஆபத்து மதிப்பீடு எழுதி வைக்க வேண்டும். லண்டன் சைக்கிள்காரர்களின் பழைய களமான எல்.எஃப்.ஜி.எஸ்.எஸ்., 2025 மார்ச்சில் மூடப்போவதாக 2024 டிசம்பரிலேயே அறிவித்தது. பிறகு வேறு சிலர் பொறுப்பேற்க முன்வந்ததால் தப்பித்தது. ஹாம்ஸ்டர் என்கிற குட்டி எலி வளர்ப்பவர்களின் களம் ஒன்றுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. மூடிவிட்டு, உறுப்பினர்களுக்கு இன்ஸ்டாகிராமைக் கைகாட்டியது. எந்த இடத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்களோ, அதே இடத்துக்கு!

இந்தக் கதை எங்க ஊருக்குப் புதிதில்லை. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடை போட்டது. ஆனால் குடும்பத்தோடு செய்யும் பட்டறைக்கு விலக்கு கொடுத்திருந்தது. ஆலை வாசலில் வயதுச் சான்று கேட்டார்கள். வேலை பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்தது. அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. இன்று எங்க தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. வாசலில் மட்டும் காவல் போட்டால் ஆள் வேறு வாசல் தேடுவான் என்பதைத்தான் சொல்கிறேன்.

நம்ம ஊரில் அந்தச் சம்மதம் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விதிப்படி பெற்றோரின் அடையாளத்தை டிஜிலாக்கர் போன்ற வழிகளில் உறுதிப்படுத்தலாம். அப்பா அம்மா இரண்டு பேரும் ஆலையில். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது, போகவும் வேண்டாம். வீட்டில் இருக்கிற ஒரே போன் பையன் கையில். ஓ.டி.பி. வருவதும் அவனுக்குத்தான், அழுத்துவதும் அவன்தான். பெரிய கம்பெனிக்கு அது போதும், காகிதம் சரியாக இருக்கும். சீனியர் அண்ணனுக்கோ இந்த நாடகத்தை நடத்தக்கூடக் காசில்லை.

சரி, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்றால் அது இன்னும் மோசம். டிஸ்கார்ட் எவ்வளவு பெரிய நிறுவனம்! வெளியாள் நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் அதுவே சொன்னது. வயது நிரூபிக்கக் கொடுத்த படங்களும் அதில் உண்டு. அவர்களுக்கே அந்தக் கதி. ஒரு தனி ஆள் நானூறு ஆதார் நகலை எங்கே பூட்டி வைப்பார்?

சின்ன இடம் என்றாலே பாதுகாப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சின்னக் களத்திலும் கெட்ட ஆள் ஒருத்தன் பதினைந்து வயசுப் பெண்ணுக்குத் தனிமடல் அனுப்பலாம். 15 கிலோ ஆலையிலும் விபத்து நடக்கிறது. அதே சமயம் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் வெடித்தது நாக்பூர் லைசென்ஸ் ஆலை. உரிமம் ஒருத்தர் பெயரில், உள்ளே அறை அறையாகக் குத்தகை. ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும். தனிமடல் வசதி இருக்கிறதா? ஆள் தெரியாமல் படம் அனுப்ப முடியுமா? பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுகிறார்களா? இதெல்லாம் இருந்தால் வயதைக் கேளுங்கள், சின்னவனானாலும் விடாதீர்கள். இது எதுவுமே இல்லாமல் பேரேட்டைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பதினேழு வயசுக்காரனைத் தடுத்து யாரைக் காப்பாற்றுகிறோம்?

இதற்குச் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டாம். சில வகையினருக்கும் சில நோக்கங்களுக்கும் விதி வழியாகவே விலக்கு தரலாம் என்று 9-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. விதிகளின் நான்காம் அட்டவணையில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் நிபந்தனையோடு வருகின்றன. வெறும் மின்னஞ்சல் கணக்கு தொடங்குவதற்குக்கூட விலக்கு உண்டு. அந்த அட்டவணையில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: விளம்பரமும் தனிமடலும் இல்லாத, இத்தனை பேருக்குள் இருக்கிற களங்கள். எத்தனை பேர் என்பதைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசட்டும்.

அண்ணன் ஒரு அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறார். "18 வயதுக்கு உட்பட்டோருக்கு இனி அனுமதி இல்லை, மன்னிக்கவும்." போன வாரம் எனக்கு அனுப்பி எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். பிழை ஒன்றும் இல்லை. இப்போதைக்குப் போட வேண்டாம், அந்தப் பிளஸ் டூ பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.