முதல் பத்து லட்சத்தை யார் கொடுப்பது?



ஈரோடு பக்கத்துல பொறியியல் படிச்ச ஒரு பொண்ணு, மஞ்சளைச் சீக்கிரம் காய வைக்கிற ஒரு இயந்திரத்தை உருவாக்கியிருக்குன்னு வச்சுக்குவோம். மாதிரி இயந்திரம் மொட்டை மாடியில நல்லாவே ஓடுது. பத்து இயந்திரம் செஞ்சு விவசாயிகள்கிட்ட கொடுத்துப் பார்க்கணும். அதுக்குப் பத்து லட்சம் வேணும். யார்கிட்ட போவாங்க?

வங்கிக்குப் போனா "சொத்துப் பத்திரம் இருக்கா?"ன்னு கேட்பாங்க. முத்ரா கடனுக்கு அடமானம் வேண்டாம்தான். ஆனா அதுவும் கடன். இயந்திரம் விற்குதோ இல்லையோ, தவணை வந்து நிற்கும்.

இங்கேதான் ஏஞ்சல் முதலீடு வருது. ஒருத்தர் தன் சொந்தப் பணத்துல 25 லட்சம் போட்டு, கம்பெனியில 10 சதவீதப் பங்கு வாங்கிக்கிறார். தொழில் ஜெயிச்சா அவர் பங்கும் வளரும். தோத்தா அவர் பணமும் போச்சு. அதுக்காக யார் வீட்டையும் ஜப்தி பண்ண முடியாது. நஷ்டத்தையும் பங்கு போட்டுக்கிற பணம் இது. புது முயற்சிக்குத் தேவை இந்தப் பணம்தான்.

2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்துக்கு, 2011-ல் 10 லட்சம் டாலர் ஆரம்பகட்ட முதலீடு கிடைத்தது. 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. பங்கு வைத்திருந்த ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். சரியான நேரத்தில் வரும் பணம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சரி, இந்தப் பணத்தை நம் நாடு எப்படி நடத்தியது? 2012-ல் 'ஏஞ்சல் வரி' கொண்டுவந்தார்கள். ஒரு பங்கை முதலீட்டாளர் 100 ரூபாய்க்கு வாங்கியிருப்பார். அதிகாரி வந்து "இதன் நியாய மதிப்பு 40 ரூபாய்தான்" என்பார். மீதி 60 ரூபாய் கம்பெனியின் வருமானமாம், அதுக்கு வரி கட்டணுமாம்! ஒரு ரூபாய் லாபம் பார்க்காத கம்பெனிக்கு வருமான வரி நோட்டீஸ். விதை நெல்லை விளைச்சல்னு கணக்கு எழுதுற கூத்து இது.

கறுப்புப் பணத்தைத் தடுக்கத்தான் என்றார்கள். நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாட்டிக்கிட்டது யாரு? நேர்மையா வங்கி வழியா பணம் வாங்கின இளைஞர்கள். 2012-ல் கொண்டுவந்தது ஒரு ஆட்சி. 2023-ல் வெளிநாட்டு முதலீட்டுக்கும் அதை நீட்டித்தது இன்னொரு ஆட்சி. 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் ரத்து என்றார்கள். பன்னிரண்டு வருஷம் போயிடுச்சு.

வரி போச்சு, பிரச்சினை போகலை. ஏஞ்சல் முதலீடு பெரும்பாலும் அறிமுகத்தில் நகர்கிற பணம். பெரிய கல்லூரி நண்பர், பழைய முதலாளி, வசதியான மாமா என்று யாராவது ஒருத்தர் கைகாட்டணும். அந்த அறிமுகம் இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போவது?

அரசு இந்த இடத்தில்தான் நிற்கணும். தமிழ்நாட்டில் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் வரையும், பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 15 லட்சம் வரையும் ஆதார நிதி உண்டு. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோரின் கம்பெனிகளில் அரசே பங்கு முதலீடு செய்ய 2022-23-ல் 30 கோடி ரூபாயில் தனி நிதி தொடங்கப்பட்டது. நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் இது போதாது.

நாம் கேட்பது மூன்றுதான்:

1. ஆதார நிதிக்கான தேர்வு மாவட்டத் தலைநகரங்களிலேயே நடக்கட்டும். தன் தொழிலைத் தமிழில் விளக்குகிறவருக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையக் கூடாது.

2. விண்ணப்பித்தால் 60 நாளில் பதில். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் சொல்லணும்.

3. ஏஞ்சல் வரி ரத்துக்கு முந்தைய ஆண்டுகளின் வழக்குகளில், மோசடி இல்லாதவற்றை முடித்து வைக்கணும்.

இது யாருக்கும் இலவசம் கேட்பதில்லை. பணக்கார வீட்டுப் பையன் ஒரு தடவை தோத்தா அதுக்குப் பேர் அனுபவம். ஏழை வீட்டுப் பொண்ணு தோத்தா மட்டும் அது கடனா? தோத்துட்டு மறுபடி எழுந்து நிற்கிற உரிமை எல்லாருக்கும் வேணும்.

உங்க ஊர்ல இப்படி முதல் பணத்துக்காகக் காத்திருக்கிற ஒருத்தரைத் தெரியுமா? இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்க அனுபவத்தைக் கீழே எழுதச் சொல்லுங்க. அவங்களுக்காக நாம சேர்ந்து குரல் கொடுப்போம்.

#முதல்பணம் #எல்லோருக்கும்வாய்ப்பு